எந்த ஊர் கிம்?

நம் வீடுகளில் ஒரு ஜாதகம் கைக்கு வந்தால், நட்சத்திரப் பொருத்தம் பார்ப்பதற்கு முன்பே பெரியவர்கள் கேட்கும் கேள்வி "என்ன கோத்திரம்?" என்பதுதான். இரண்டு பக்கமும் பாரத்வாஜம் என்றாலோ ஸ்ரீவத்ஸம் என்றாலோ பேச்சு அதோடு முடிந்தது. ஜாதகம் உறைக்குள் திரும்பப் போய்விடும். கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கொரியர்களும் பல தலைமுறைகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அங்கே அது "எந்த ஊர் கிம்?" அல்லது "எந்த ஊர் லீ?" என்று வரும். பதில் ஒன்றாக இருந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. நம்மிடம் இது பெரியவர்கள் வைத்த கட்டுப்பாடு. தென் கொரியாவில் 1997 வரை இது நாட்டின் சிவில் சட்டமாகவே இருந்தது.

என் மகன் உத்தியோக நிமித்தம் சில வருடங்கள் தென் கொரியாவில் இருந்தான். நாங்கள் இரண்டு முறை போய்த் தங்கினோம். அவனும் மருமகளும் காலையில் கிளம்பிப் போனபின் எனக்குப் பொழுது போவது பக்கத்து நூலகத்தில்தான். அங்கே ஆங்கிலப் புத்தகங்களுக்கென்று இரண்டு அலமாரிகள் இருந்தன. நான் படித்தது பௌதிகம். உத்தியோகம் பார்த்தது ரிக்கார்டுகளோடு. ஆகவே கொரியக் குலங்களின் கதையைப் படிக்க ஆரம்பித்ததும் அதில் என்னை இழுத்தது ராஜாக்களின் பெருமையைவிட, அந்தக் குலப் பதிவேடுகள் எப்படி எழுதப்பட்டன, யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்ற விஷயந்தான்.

கொரியப் பெயரில் குலப்பெயர் முதலில் வரும். 2015-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென் கொரியாவில் கிம் என்ற பெயருடையவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம் பேர். லீ 73 லட்சம், பார்க் 42 லட்சம். ஏறக்குறைய 5 கோடி ஜனத்தொகையில் இந்த மூன்று பெயர்களுக்குள்ளேயே 44 சதவீதத்துக்கு மேல் அடங்கிவிடுகிறார்கள். சியோல் நகரின் நம்சான் மலைமேல் நின்று ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு கிம் தலையிலோ லீ தலையிலோதான் விழும் என்று அவர்களே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆகவே வெறும் கிம் என்று சொன்னால் ஒன்றும் தெரியாது. அதற்கு முன்னால் ஓர் ஊர்ப்பெயர் வேண்டும். கிம்ஹே ஊர்க் கிம், கியோங்ஜு ஊர்க் கிம், ஜோன்ஜு ஊர் லீ, மிர்யாங் ஊர்ப் பார்க் என்று. இந்த ஊருக்குப் போன்க்வான் என்று பெயர். குலத்தின் முதல் புருஷர் தோன்றிய, அல்லது வேரூன்றிய ஊர் என்பது பொருள்.

நம் கோத்திரம் ரிஷியின் பெயரால் வருவது. ஊரோடு அதற்குச் சம்பந்தமில்லை. போன்க்வான் ஊரின் பெயரால் வருவது. அந்த வகையில் அது நம் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர் இனிஷியலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. தாத்தா விட்டுவிட்டு வந்த ஊரைப் பேரன் பார்த்தே இருக்கமாட்டான், ஆனாலும் அந்த எழுத்து மட்டும் கூடவே வரும் அல்லவா? அப்படித்தான். கிம்ஹே கிம்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். கிம்ஹே நகரின் மொத்த ஜனத்தொகை அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

சம்பிரதாயமாகத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் கொரியர், தன் ஊர், குலம், அதில் எந்தக் கிளை, மூல புருஷரிலிருந்து தான் எத்தனையாவது தலைமுறை என்று வரிசையாகச் சொல்லுவார். இதைப் படித்தபோது எனக்கு நம் அபிவாதனம்தான் ஞாபகம் வந்தது. பிரவரம், கோத்திரம், சூத்திரம், பெயர் என்று நாம் சொல்லும் வரிசைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. தலைமுறை எண்ணை நாம் சொல்வதில்லை, அவர்கள் சொல்வார்கள். பெயரிலேயே தலைமுறை தெரியும்படியும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே தலைமுறையைச் சேர்ந்த அண்ணன் தம்பிகள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லோர் பெயரிலும் ஓர் எழுத்து பொதுவாக இருக்கும். பல குலங்களில் அந்த எழுத்துகள் பஞ்சபூத வரிசையில் அமைந்திருக்கும்: ஒரு தலைமுறைக்கு உலோகத்தைக் குறிக்கும் எழுத்து, அடுத்ததற்கு நீர், பிறகு மரம், நெருப்பு, மண், மறுபடியும் உலோகம். முன்பின் தெரியாத இரண்டு பேர் பெயரைச் சொல்லிக்கொண்ட உடனேயே யார் யாருக்குச் சித்தப்பா முறை என்று கணக்குப் போட்டுவிடலாம். வயதில் சிறியவர் முறையில் பெரியவராக இருந்துவிடும் சங்கடமும் நம் வீடுகளில் போலவே அங்கேயும் உண்டு.

மூல புருஷர்களின் கதைகள் புராணம் போலவே இருக்கின்றன. சில்லா ராஜ்யத்தை கி.மு. 57-இல் ஸ்தாபித்ததாகச் சொல்லப்படும் ஹ்யோக்கோசே, சுரைக்காய் போன்ற ஒரு முட்டையிலிருந்து பிறந்தார். சுரைக்காய்க்கான சொல்லிலிருந்து பார்க் என்ற பெயர் வந்தது. கியோங்ஜு கிம்களின் ஆதிபுருஷர் காட்டில் ஒரு மரக்கிளையில் தொங்கிய தங்கப் பெட்டியில் கிடைத்த குழந்தை. கிம் என்றால் தங்கம். கிம்ஹே கிம்களின் ஆதிபுருஷர் சூரோ மன்னர். வானத்திலிருந்து இறங்கிய தங்கப் பாத்திரத்தில் ஆறு முட்டைகள் இருந்தனவாம், கி.பி. 42-இல் அவற்றிலிருந்து முதலில் வெளிவந்தவர் இவர். காயா நாட்டின் ராஜாவானார்.

சூரோவின் மனைவி கதைதான் நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருவது. கி.பி. 48-இல் செந்நிறப் பாய் விரித்த கப்பலில் வந்து இறங்கிய பதினாறு வயது ராஜகுமாரி, தான் அயுதா நாட்டு இளவரசி, பெயர் ஹோ ஹ்வாங்ஓக் என்று சொன்னதாக 'சம்குக் யூசா' என்ற நூல் கூறுகிறது. அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்றும், அவர்களில் இருவருக்குத் தாயின் குலப்பெயரான ஹோ கொடுக்கப்பட்டது என்றும் பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. அதனால் கிம்ஹே கிம்களும் கிம்ஹே ஹோக்களும் பெயர் வேறானாலும் ஒரே ரத்தம் என்று தங்களுக்குள் சம்பந்தம் செய்துகொள்வதில்லை.

அயுதா என்பது அயோத்திதான் என்று கொண்டு, 2001-இல் கிம்ஹே கிம் குலச் சங்கத்தார் அயோத்தியில் சரயு நதிக்கரையில் ராணிக்கு ஒரு நினைவுக்கல் நாட்டினார்கள். 2018 நவம்பரில் தென் கொரிய அதிபரின் மனைவி கிம் ஜுங்-சூக் அயோத்திக்கு வந்து, அங்கே பெரிய நினைவுப் பூங்கா அமைப்பதற்கான விழாவில் கலந்துகொண்டார். 2019-இல் இரு நாடுகளும் சேர்ந்து தபால்தலை வெளியிட்டன. நம் பக்கம் சிலர் ராணியைக் கன்னியாகுமரிக்காரி, ஆய் நாட்டுப் பெண் என்று ஆக்கிவிட்டார்கள். ராணியை யார் சொந்தம் கொண்டாடுவது என்பதில் இப்படி ஒரு போட்டி.

எனக்கு இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 'சம்குக் யூசா'வை எழுதிய இர்யோன் ஒரு பௌத்த பிக்ஷு. எழுதியது 1280-ஆம் ஆண்டுகளில். அதாவது கதை நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு 1,200 வருடங்களுக்குப் பிறகு. பௌத்த நூல்களைக் கரைத்துக் குடித்த ஒரு பிக்ஷுவுக்கு அயோத்தி என்ற பெயர் தெரிந்திருப்பதில் ஆச்சரியமில்லை. முதல் நூற்றாண்டில் அந்த நகரம் பெரும்பாலும் சாகேதம் என்றே வழங்கியது. ராணி 157 வயதிலும் ராஜா 158 வயதிலும் காலமானார்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. தாய்லாந்தின் அயுத்தயாதான் அது என்று சொல்வோருக்கு நிலைமை இன்னும் மோசம். அந்த நகரம் ஸ்தாபிக்கப்பட்டதே 1351-இல், இர்யோன் காலமாகி அறுபது வருடங்கள் கழித்து. தபால்தலையில் வரும் சூரிரத்னா என்ற பெயரோ இர்யோனின் நூலில் இல்லவே இல்லை. ஆனாலும் கிம்ஹேயில் ராணியின் சமாதியருகே, கப்பலில் அலையை அடக்க அவள் கொண்டு வந்ததாகச் சொல்லப்படும் கல் கோபுரத்தை நேரில் பார்த்தேன். சிவந்த, கரடுமுரடான, சின்னக் கல் அடுக்கு. என் மனைவி கைகூப்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வெளிநாட்டு மூல புருஷர் என்று சொல்லிக்கொள்ளும் குலங்கள் வேறும் உண்டு. அவற்றில் சில ராணியின் கதையைவிட உறுதியான தரையில் நிற்கின்றன. ஹ்வாசான் லீ குலத்தார் 1226-இல் வியட்நாமில் ஆட்சி கவிழ்ந்தபோது தப்பி வந்த லீ வம்ச இளவரசரின் சந்ததியார். தோக்சு ஜாங் குலத்தின் முதல்வர் 1270-களில் மங்கோலிய இளவரசி கொரிய ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது பரிவாரத்தோடு வந்த மத்திய ஆசியர். 1592-இல் படையெடுத்து வந்த ஜப்பானியப் படையிலிருந்து கொரியப் பக்கம் சேர்ந்துவிட்ட ஒரு தளபதிக்கு ராஜாவே கிம் என்ற பெயரைக் கொடுத்தார். அவர் சந்ததியார் தேகு நகருக்கு அருகே ஊரோக் கிராமத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

சரி, ராஜாக்களுக்கும் இளவரசர்களுக்கும் குலப்பெயர் வந்தது. ஐந்து கோடி ஜனங்களுக்கும் எப்படி வந்தது? இதுதான் விஷயத்தின் மையம்.

ஆதியில் சாதாரண ஜனங்களுக்குக் குலப்பெயர் கிடையாது. 936-இல் நாட்டை ஒன்றாக்கிய கோரியோ வம்சத்து ராஜா வாங் கோன், தனக்கு உதவிய உள்ளூர்ப் பெருந்தனக்காரர்களுக்குக் குலப்பெயரையும், அவரவர் ஊரைப் போன்க்வானாகவும் வழங்கினார். 1055-இல் குலப்பெயர் இல்லாதவர்கள் அரசுத் தேர்வில் தேறத் தகுதியில்லை என்று உத்தரவு வந்தது. அரசு உத்தியோகம் வேண்டுமானால் குலம் வேண்டும். அடுத்து வந்த ஜோசோன் வம்ச ஆட்சியில் (1392 முதல் 1910 வரை) யாங்பான் என்ற மேல்தட்டினர் தேர்வு எழுதினார்கள், பதவிக்கு வந்தார்கள், வம்சாவளிப் புத்தகம் வைத்துக்கொண்டார்கள். கீழே விவசாயிகள். அதற்கும் கீழே அடிமைகள்.

யாங்பான்களுக்கு ஒரு பெரிய சலுகை இருந்தது: அவர்கள் ராணுவ வரி கட்ட வேண்டாம். மற்ற ஆண்பிள்ளைகள் பதினாறு வயதிலிருந்து அறுபது வரை வருடத்துக்கு இரண்டு பீஸ் பருத்தித் துணி கட்ட வேண்டும். 1750-இல்தான் அதை ஒன்றாகக் குறைத்தார்கள். ஊருக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு போட்டு வசூலித்ததால், செத்தவர் பெயரிலும் தொட்டில் குழந்தை பெயரிலும்கூட வரி கேட்ட கொடுமை நடந்தது. இதிலிருந்து தப்ப ஒரே வழி, எப்படியாவது யாங்பான் ஆகிவிடுவதுதான்.

அதற்கு அரசாங்கமே ஒரு கதவைத் திறந்துவிட்டது. 1592 முதல் 1598 வரை நடந்த ஜப்பானியப் படையெடுப்பில் கஜானா காலியாகி, படைக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை. அப்போது நியமன உத்தரவுகளை விற்றார்கள். தானியம் கொடுத்தால் உத்தரவு கிடைக்கும். பதவி எழுதியிருக்கும், முத்திரை இருக்கும், பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கும். வாங்கியவர் தம் பெயரை எழுதிக்கொள்ளலாம். வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, அந்தஸ்து மட்டும். யுத்தம் முடிந்த பிறகும் பஞ்ச காலங்களில் இந்த வியாபாரம் தொடர்ந்தது. முப்பத்தைந்து வருடம் அரசாங்க உத்தரவுகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், பெயரில்லாத நியமன உத்தரவு என்பதைப் படித்ததும் ஒரு நிமிஷம் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

இன்னொரு வழி, ஏதாவது ஒரு பெரிய குலத்தின் வம்சாவளிப் புத்தகத்தில் எப்படியாவது நுழைந்துவிடுவது. ஜோக்போ என்ற இந்தப் புத்தகங்களை ஒவ்வொரு குலமும் முப்பது வருடங்களுக்கு ஒரு தடவை போலத் திருத்தி அச்சிடும். சந்ததியில்லாமல் போன ஒரு பழைய கிளையின் அடியில் நாலு பெயரைச் சேர்த்துவிட்டால் யார் கேட்பது? 1764-இல் ராஜ சபைக்கு ஒரு புகார் வந்தது, அரச நாளாகமத்தில் பதிவாகியிருக்கிறது. மொழிபெயர்ப்பு உத்தியோகஸ்தர் ஒருவர் ரகசியமாக அச்செழுத்துகள் வார்த்து, பல குலங்களின் புத்தகங்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு, ராணுவ வரியிலிருந்து தப்ப நினைக்கும் நாட்டுப்புறத்தாருக்குப் பக்கங்களை மாற்றி அச்சடித்துக் கொடுத்துப் பிழைப்பு நடத்தினார் என்பது புகார். முன்னோர்கள் கவுண்டரில் கிடைத்தார்கள்!

இதன் மொத்த விளைவு எவ்வளவு? மூன்று வருடங்களுக்கு ஒரு முறை எடுக்கப்பட்ட குடும்பப் பதிவேடுகள் தேகு பகுதிக்கு நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றை 1930-களில் ஷிகாத்தா ஹிரோஷி என்ற ஜப்பானிய அறிஞர் எண்ணிப் பார்த்தார். 1690-இல் யாங்பான் குடும்பங்கள் 9 சதவீதம் சொச்சம். 1858-இல் அதே பகுதியில் 70 சதவீதம்! அடிமைக் குடும்பங்கள் 37 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டன. பதிவேட்டில் போட்டுக்கொண்ட பட்டங்களையெல்லாம் யாங்பான் என்று எண்ணியது சரியா என்று பின்னால் வந்த அறிஞர்கள் ஆட்சேபித்திருக்கிறார்கள், நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் போக்கு எந்தத் திசையில் என்பதில் சந்தேகமில்லை. 168 வருடங்களில் ஒரு கூட்டம் பிள்ளை பெற்றுப் பெருகி இப்படி ஆகியிருக்க முடியாது. காகிதத்தில்தான் பெருகியிருக்கிறது.

1801-இல் அரசாங்க அடிமைகள் 66,000 பேருக்கு மேல் விடுவிக்கப்பட்டு, அவர்கள் பெயர் எழுதிய ஏடுகள் அரண்மனை வாசலில் எரிக்கப்பட்டன. 1894-இல் அடிமை முறையே ஒழிந்தது. 1909-இல் எல்லோரும் குலப்பெயரோடு பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது பெயரில்லாமல் இருந்தவர்களுக்கும் பெயர் வந்தது. சிலர் பழைய எஜமானரின் பெயரையும் ஊரையும் எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குப் பதிவு செய்த குமாஸ்தாவே ஒன்றைப் போட்டார். எடுப்பவர் எதை எடுப்பார்? நாலு பேருக்குத் தெரிந்த பெரிய பெயரைத்தான். கிம்களும் லீக்களும் பார்க்குகளும் இவ்வளவு பெருகியதற்கு இது ஒரு முக்கிய காரணம். அதற்குப் பிறகு 1940-இல் ஜப்பானிய ஆட்சி எல்லோரையும் ஜப்பானியக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வற்புறுத்தியது. அப்போது பல கிம்ஹே கிம்கள் கிம்ஹே என்ற அதே இரண்டு எழுத்துகளை ஜப்பானிய உச்சரிப்பில் படித்து அதையே பெயராகப் பதிந்துகொண்டார்கள். வாங்கி வந்த முன்னோராக இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 1946-இல் பழைய பெயர்கள் திரும்பின.

இப்போது வம்சாவளிப் புத்தகத்தையே சற்றுத் திறந்து பார்ப்போம். முழுதாகக் கிடைத்தவற்றில் மிகப் பழையது ஆன்டோங் க்வோன் குலத்தின் 1476-ஆம் ஆண்டுப் புத்தகம். அதில் சுமார் 9,000 பேர் இருக்கிறார்கள். ஆனால் க்வோன் என்ற பெயருடையவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! மற்றவர்கள் எல்லாம் பெண் வழி, பெண்ணின் பெண் வழி வந்தவர்கள். பிள்ளை, பெண் என்று பிரிக்காமல் பிறந்த வரிசையில் எழுதியிருக்கிறார்கள். கணவனை இழந்த பெண் மறுமணம் செய்திருந்தால் இரண்டாவது கணவரின் பெயரும் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. அக்காலத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் வாழ்வது சகஜம். சொத்தும் பிள்ளை, பெண் எல்லோருக்கும் சமம். யூல்கோக் என்ற மகா பண்டிதர் 1536-இல் பிறந்தது தாய்வழித் தாத்தா வீட்டில். 1566-இல் அவரும் உடன்பிறந்தவர்களும் ஏழு பேராகச் சொத்தைப் பிரித்துக்கொண்ட பத்திரம் இன்றும் இருக்கிறது, பெண்களுக்கும் சம பங்கு. சிரார்த்தத்தைக்கூட முறை வைத்துப் பெண் வீட்டாரும் செய்தார்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் கன்பூஷிய நெறி இறுகிய பிறகுதான் எல்லாம் மாறியது. மூத்த பிள்ளைக்கே சிரார்த்தம், அவருக்கே பெரிய பங்கு. புத்தகத்தில் பிள்ளைகள் முதலில், வயதில் மூத்தவளானாலும் பெண் கடைசியில். அதுவும் அவள் பெயரில் அல்ல, மாப்பிள்ளையின் பெயரில். விவாக விஷயத்திலும் அப்படியே. கோரியோ ராஜாக்கள் ஒன்றுவிட்ட தங்கையையே மணந்திருக்கிறார்கள். 949 முதல் 975 வரை ஆண்ட குவாங்ஜோங்கின் பட்டத்து ராணி அவருடைய மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரி. 1669-இல் சோங் சி-யோல் என்ற கன்பூஷிய மேதை, ஊர் வேறானாலும் குலப்பெயர் ஒன்றானால் விவாகம் கூடாது என்று ராஜாவிடம் வற்புறுத்தினார். அவ்வளவு தூரம் நடைமுறையில் நிலைக்கவில்லை. பெயரும் ஊரும் ஒன்றானால் கூடாது என்பது நிலைத்தது.

ஆக, அநாதி காலந்தொட்டு வருவதாகச் சொல்லப்பட்ட இந்தக் கட்டு சுமார் 300 வருடத்துப் பழக்கம். அது யாரைக் கட்டியதோ அவர்களில் பெரும்பாலோருக்குக் குலப்பெயர் வந்ததும் அதே 300 வருடங்களுக்குள்தான். அந்தப் பெயரைக் கொண்டு 1960-இல் நடைமுறைக்கு வந்த தென் கொரிய சிவில் சட்டத்தின் 809-ஆம் பிரிவு, ஒரே குலப்பெயரும் ஒரே ஊரும் உடையவர்கள் விவாகம் செய்துகொள்ள முடியாது என்று எழுதிவிட்டது. அங்கே பதிவு செய்தால்தான் விவாகம் செல்லும். கிராமத்தில் இருந்தவரை சமாளித்தார்கள். இளைஞர்கள் லட்சக்கணக்கில் சியோலுக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்த பிறகு, நாட்டில் ஏறக்குறைய பதினொன்றில் ஒருவர் கிம்ஹே கிம் என்ற நிலையில், என்ன நடக்குமோ அது நடந்தது. பதிய முடியாத தம்பதிகள் ஊரறியக் குடும்பம் நடத்தினார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் தம்பதிகள் அல்ல, ஒருவருக்கொருவர் வாரிசும் அல்ல. பிறந்த குழந்தைகள் விவாகத்துக்குப் புறம்பாகப் பிறந்தவர்களாகப் பதிவேட்டில் ஏறினார்கள். உயிரை மாய்த்துக்கொண்ட ஜோடிகளும் உண்டு.

அரசாங்கம் சட்டத்தைத் தொடப் பயந்து, அவ்வப்போது ஒரு வருடத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்தது. 1978-இல் 4,577 ஜோடிகள் வந்து பதிந்துகொண்டார்கள். 1988-இல் 12,443. 1996-இல் 27,807. பத்து வருடத்துக்கு ஒரு முறை கதவு திறக்கும், மூடும். ஒரு சட்டம் தவறு என்பதற்கு அந்தச் சட்டத்தை இயற்றிய அரசாங்கமே இதைவிட நல்ல சாட்சி தந்திருக்க முடியாது.

ரத்த சம்பந்தம் என்ற காரணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்குப் பெற்றோர் 2, பாட்டன் பாட்டி 4, அதற்கு மேல் 8. இப்படி இருபது தலைமுறை மேலே போனால் 10,48,576 மூதாதையர் ஸ்தானங்கள் வரும். உறவுக்குள்ளேயே மணந்திருப்பதால் ஆட்கள் அதைவிடக் குறைவு. ஆனாலும் ஸ்தானம் அத்தனை. குலப்பெயர் என்பது அதில் ஒரே ஒரு ஸ்தானத்தைக் காட்டுவது, தகப்பன், தகப்பனின் தகப்பன் என்று போகும் அந்த ஒரு கோடு. மற்ற 10,48,575-ஐப் பற்றி அது மௌனம். சூரோ மன்னரிலிருந்து எழுபது தலைமுறை தள்ளி நிற்கும் இரண்டு பேருக்கு, அந்தக் கோடு உண்மையாகவே இருந்தாலும், அதனால் பொதுவாகக் கிடைப்பது கணக்கில் எடுக்க முடியாத அணுவளவுதான். நாமும் யோசிக்க வேண்டிய இடம் இது. ஸகோத்திரத்தை விலக்கும் நம் வீடுகளில் மாமன் பெண்ணையும் அத்தை பிள்ளையையும் தாராளமாகக் கட்டிவைத்தோம். அங்கே பொதுவாக இருப்பது எட்டில் ஒரு பங்கு. கொரியர்கள் கேட்டால் திகைப்பார்கள். அவர்களிடம் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் அத்தகைய சம்பந்தம் அறவே கிடையாது. சட்டத்தைப் பொறுத்தவரை நாம் அவர்களுக்கு முந்திவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். கோத்திரமோ பிரவரமோ ஒன்று என்ற காரணத்தால் விவாகம் செல்லாமல் போகாது என்று 1946-இலேயே இங்கே சட்டம் வந்துவிட்டது.

எட்டு வழக்குகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுக் கொரிய அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போயின. 1997 ஜூலை 16 அன்று தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் 809-ஆம் பிரிவு செல்லாது என்றார்கள். இருவர் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது, ஆனால் திருத்த அவகாசம் தர வேண்டும் என்றார்கள். இருவர் சட்டத்தின் பக்கம். ஒரு சட்டத்தைச் செல்லாதென்று அடிக்க ஆறு பேர் வேண்டும் என்பதால் முடிவு நடுவில் நின்றது: 1998 கடைசிக்குள் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் பிரிவு தானாகவே செத்துப்போகும். அந்தச் சட்டம் பிறந்த விவசாய சமுதாயம் போய்விட்டது, தகப்பன் வழியை மட்டும் பார்ப்பது ஆண் பெண் சமத்துவத்துக்கு விரோதம், துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மனிதனின் கண்ணியத்தைச் சேர்ந்தது என்பவை காரணங்கள். கன்பூஷியப் பெரியவர்கள் வெள்ளை அங்கியும் கறுப்புத் தொப்பியுமாகத் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். சட்டசபை வாயைத் திறக்காமல் தேதியைத் தாண்டவிட்டது, பிரிவு செத்தது. 2005-இல்தான் புதிய வாசகம் எழுதப்பட்டது: குலப்பெயர் பேச்சே இல்லை, இரு வழியிலும் எட்டாம் படி வரையுள்ள ரத்த உறவினர் மணக்கக்கூடாது. தகப்பனும் மகனும் ஒரு படி, உடன்பிறந்தார் இரண்டு படி, சித்தப்பா மூன்று, அவர் பிள்ளை நான்கு என்று எண்ணிக்கொண்டே போனால், எட்டாம் படி என்பது பாட்டனுக்குப் பாட்டன் ஒருவராக இருப்பவர்கள். அவர்கள் வீட்டில் சிரார்த்தம் செய்வதும் அந்தப் பாட்டனுக்குப் பாட்டன் வரைக்கும்தான். அதற்கு மேற்பட்டவர்களுக்குக் குலத்தார் எல்லோரும் சேர்ந்து சமாதியில் வருடத்துக்கு ஒரு தடவை செய்கிறார்கள்.

அந்தச் சமாதிகளுக்கும் பூஜைக்கும் என்று குலத்துக்குப் பொதுவான நிலங்கள் உண்டு. சியோலைச் சுற்றி நகரம் பரவியதில் அவற்றின் விலை எங்கோ போய்விட்டது. யோங்கின் லீ குலத்தின் ஒரு கிளை நிலத்தை விற்று ஆண் உறுப்பினர்களுக்குப் பங்கு கொடுத்தபோது, கல்யாணமாகிப் போன பெண்கள் எங்களுக்கும் சம பங்கு வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். வயது வந்த ஆண்களே குல உறுப்பினர் என்பது அதுவரை நீதிமன்றங்களும் ஒப்புக்கொண்ட வழக்கம். கீழ்க் கோர்ட்டுகளில் தோற்றார்கள். 2005 ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த வழக்கத்தைத் தள்ளி, வயது வந்த சந்ததியார் ஆணோ பெண்ணோ எல்லோரும் உறுப்பினரே என்று தீர்ப்பளித்தது. 2008 முதல், கணவனும் மனைவியும் விவாகப் பதிவின்போதே ஒப்புக்கொண்டால் குழந்தைக்குத் தாயின் குலப்பெயரையும் ஊரையும் கொடுக்கலாம் என்றும் ஆனது.

எட்டாம் படிச் சண்டை இன்னும் ஓயவில்லை. மனைவி தனக்கு ஆறாம் படி உறவு என்பதைக் காட்டி விவாகமே செல்லாது என்று ஒரு கணவர் கோர்ட்டுக்குப் போனார். மனைவி அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனார். 2022 அக்டோபரில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் எட்டாம் படித் தடையை நீதிமன்றம் காப்பாற்றியது. ஆனால் நடந்து முடிந்த விவாகத்தை அதைச் சொல்லி ஒரேயடியாகச் செல்லாததாக்குவது சரியல்ல என்றது. 2024-இல் நீதித் துறைக்காகத் தயாரான ஓர் ஆய்வறிக்கை, தடையை நான்காம் படியோடு நிறுத்தலாம் என்று யோசனை சொன்னதாகச் செய்தி வந்தது. சியோலின் கன்பூஷிய மடத்துப் பெரியவர்கள் மறுபடியும் எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள்.